நோவெண்ணெய் வழக்கு

பிள்ளைகள், புதிதாக வேலைக்கு வந்திருக்கிற உங்களுக்கு நாலு வார்த்தை சொல்லச் சொல்லி, சனத்துக்கு உதவுகிற நம்முடைய கந்தோரில் கேட்டார்கள். விண்ணப்பம் நிரப்புவது, தவணை கேட்பது, எந்த மேசைக்கு முதலில் போவது என்பதெல்லாம் நான் சொல்லித் தரத் தேவையில்லை. நீங்கள் படித்தவர்கள். நான் என் பெயரை எழுதுவேன், பஸ்ஸின் நெற்றியில் இருக்கிற ஊர்ப்பெயரை வாசிப்பேன், அவ்வளவுதான். இதையும் நான் சொல்லச் சொல்ல உங்களில் ஒருத்திதான் எழுதுகிறாள். இடைக்கிடை என் பேச்சைத் திருத்துகிறாள். திருத்தட்டும். நடந்ததைத் திருத்தாமல் விட்டால் போதும்.

நம்முடைய வேலை கூடப் போகிற வேலை. சண்டை முடிந்து சனம் ஊர் திரும்பிய காலத்தில் எல்லாருக்கும் எங்கேயோ ஓரிடத்துக்குப் போக வேண்டியிருந்தது. அரசாங்கக் கச்சேரிக்கு, பொலிசுக்கு, ஆஸ்பத்திரிக்கு, கோட்டுக்கு, அதுதான் நீதிமன்றத்துக்கு. தனியே போனால் நாளைக்கு வா என்று திருப்பி அனுப்புவார்கள். பக்கத்தில் இன்னொரு ஆள் நின்றால் கொஞ்சம் யோசிப்பார்கள். அந்த இன்னொரு ஆளாக, முழங்கால் மறுக்கும்வரை நான் நின்றேன். நான் கூடப்போன ஒருவரையும் எந்த மேசையிலும் எழுப்பி விரட்டியதில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

டொக்டர்மாருக்கு எதிரான முறைப்பாடுகள் இப்போது கூடுதலாக வருகிறதாம். அதனால் அப்படிப்பட்ட ஒன்றையே சொல்கிறேன். இது மனதுக்கு இதமான கதை இல்லை. இதமான கதை வேண்டுமென்றால் ஆண்டுவிழாவுக்கு வாருங்கோ, அங்கே சொல்வார்கள்.

கந்தோர் அப்போது மன்னார் உப்புக்குளத்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்தது. ஒருநாள் காலையில் ஒரு தாயும் மகளும் வந்தார்கள். மன்னார்த் தீவுக்கு வெளியே, பெருநிலப் பக்கத்து வயல் கிராமம் ஒன்று அவர்களுடைய ஊர். இந்தியாவில் முகாமில் நெடுங்காலம் இருந்துவிட்டுத் திரும்பிய குடும்பம். தாய் தங்கம்மா என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவ. மகள் மலர் முகாமிலேயே வளர்ந்தவள், பேச்சு பாதி இந்தியப் பேச்சு. அவளுடைய புருஷன் இந்தியாவிலேயே நின்றுவிட்டான். பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண்பிள்ளை இருந்தது. மலரின் சட்டையின் வலது கை முழங்கைக்குக் கீழே மடித்து ஊசி குத்தப்பட்டிருந்தது. உள்ளே கை இல்லை.

கதிரையில் இருக்கச் சொல்ல முன்னமே தாய் சொன்னா, "நான்தான் இவளின்ர கையை அழுகப் பண்ணினனான்."

அன்று முறைப்பாடு எழுத மேசையில் இருந்த பிள்ளை பேனையை வைத்துவிட்டாள். அப்படியென்றால் யாருக்கு எதிராக வந்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். மலர்தான் பதில் சொன்னாள்.

"அம்மா எந்நேரமும் இதத்தான் சொல்லிட்டிருக்கு. கெணத்தடியில சொல்லுது, கோயில்ல சொல்லுது. தூக்கத்துலயும் சொல்லுது. அது இல்லன்னு யாராவது சொல்லணும். அதுக்குத்தான் வந்தேன்."

வழக்கு என்ன என்பதை முதல் நாளே அவள் சொல்லிவிட்டாள். நட்டஈடு என்ற சொல் அவள் வாயில் வரவில்லை. அது பிறகு நாங்கள் போட்ட சொல்.

நடந்தது இதுதான். வீட்டுத்திட்டத்தில் அவர்களுக்கு ஒரு வீடு கிடைத்திருந்தது. சுவர் எழுப்புகிற கூலியை மிச்சம் பிடிக்க மலரே சாந்து வாளி தூக்கினாள். சாரம் சரிந்து விழுந்து முன்கை முறிந்தது. சந்தியில் தனியாக மருந்துச்சாலை வைத்திருந்த ஒரு டொக்டரிடம் போனார்கள். அவர் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்து, அன்றைக்கே கையைச் சுற்றி இறுக்கமாகப் பிளாஸ்டர் போட்டு அனுப்பினார். அடுத்த நாள் நோ தாங்க முடியவில்லை. விரல்கள் வீங்கி நீலமாகிவிட்டன. திரும்பப் போனாள். முறிந்தால் நோகத்தான் செய்யும், சின்னப்பிள்ளை மாதிரி அழாதே என்று குளிசை கொடுத்து அனுப்பினார். அதற்கு அடுத்த நாள் மகளுடைய குழறலைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாமல் தங்கம்மா நாட்டுமருந்துப் பரியாரியிடம் வாங்கி வைத்திருந்த நோவெண்ணெயைச் சூடாக்கி, முழங்கைப் பக்கத்து இடைவெளியால் பிளாஸ்டருக்குள்ளே ஊற்றினா.

நம் பக்கத்து ஆட்கள் இப்படித்தான். டொக்டரிடமும் காட்டுவோம், வீட்டில் எண்ணெயும் போடுவோம், டொக்டருக்குச் சொல்லமாட்டோம். எலும்பு டொக்டருக்கு, நோ எண்ணெய்க்கு. என் வீட்டிலும் ஒரு போத்தல் இருக்கிறது, உங்கள் வீடுகளிலும் இருக்கும். படித்தவர்கள் என்பதற்காக இல்லை என்று சொல்லாதேங்கோ.

பிறகு காய்ச்சல், அழுகல் மணம். மறுபடியும் அதே டொக்டரிடம் கொண்டுபோனபோது அவர் பிளாஸ்டரை வெட்டினார். கை கறுத்திருந்தது. எண்ணெய் மணத்தது. அவர் தாயைத் திரும்பிப் பார்த்துச் சொன்னது இது.

"ஆர் இதுக்குள்ள எண்ணெய் விட்டது? உங்கட எண்ணெய்தான் அம்மா உங்கட மகளின்ர கையைத் திண்டது."

அனுராதபுரம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு சத்திரசிகிச்சை டொக்டர் உயிரைக் காப்பாற்றக் கையை எடுத்தார்.

அந்தச் சந்தி டொக்டரைப் பற்றியும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் அவரைப் பேயாக நினைப்பீர்கள். சண்டை நேரத்தில் மற்றவர்கள் ஓட, நின்று பிள்ளைப்பேறு பார்த்த மனுஷன். ஏழைகளிடம் சில நேரம் ஒன்றும் வாங்கமாட்டார். நாங்கள் சிகிச்சைத் துண்டு கேட்டுப் போனபோது எழும்பி நின்று கதிரை தந்தார். என்னால் ஆனதெல்லாம் செய்தேன் என்று மெதுவாகச் சொன்னார். ஒரு துண்டும் தரவில்லை. ஏசுகிற டொக்டரோடு வழக்காடுவது சுகம் பிள்ளைகள். கதிரை தருகிறவரோடுதான் கஷ்டம். அவருக்கு எதிராகச் சாட்சி சொல்ல ஊரில் நாக்கு எழும்பாது.

அந்த நாளில் எங்களுக்கு வழக்குப் பேசித் தந்தவர் ஒரு வயதான லோயர். சிரிக்காமல் பகிடி விடுவார். அவரிடம் தாயையும் மகளையும் கூட்டிப்போனேன். மலரின் அண்ணனும் வந்தான். லோயர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"டொக்டருக்கு எதிரா எண்டால் மூண்டு மதில் ஏறோணும். ஒரு ஒழுங்கான டொக்டர் செய்யவேண்டியதை இவர் செய்யேல்லை எண்டு காட்டோணும். ஆளுக்குச் சேதம் வந்தது எண்டு காட்டோணும், அது கண்ணால தெரியுது. மூண்டாவது, இந்தச் சேதம் அந்தப் பிழையாலதான் வந்தது, வேற ஒண்டாலயும் இல்லையெண்டு காட்டோணும். அந்த மூண்டாவது மதிலில இந்த அம்மா எண்ணெய் பூசி வைச்சிருக்கிறா. ஏற ஏற வழுக்கும்."

தங்கம்மா தலையை ஆட்டினா. அது பகிடி என்று அவவுக்குப் படவில்லை.

இரண்டு வருஷம் கடந்தால் கோட்டுக் கதவு பூட்டு, அதற்கு முன் தாக்கல் செய்யவேண்டும் என்றும் லோயர் சொன்னார். இதை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கோ. துக்கம் ஆறட்டும் என்று காத்திருந்து கதவைத் தவறவிட்ட குடும்பங்கள் எனக்குத் தெரியும்.

அண்ணன்காரன் எண்ணெய்க் கதையை எடுக்கவே வேண்டாம் என்றான். அம்மாவை வீட்டில் இருத்திவிட்டால் யாருக்குத் தெரியும் என்றான். லோயர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, நாங்கள் சொன்னால் அது நடந்தது. அவங்கள் சொன்னால் அது நாங்கள் ஒளிச்சது."

எதிராளி கண்டுபிடிக்கக் கூடியதை நீங்களே முதலில் மேசையில் வையுங்கோ. வீட்டுக்காரர் அழுவார்கள், கோபிப்பார்கள், வேறு லோயர் பார்ப்போம் என்பார்கள். விடாதேங்கோ. வழக்கின் முதல் பக்கத்திலேயே எண்ணெய் ஏறியது. எண்ணெய்க்கு முன்னமே விரல் நீலம் என்பதும் ஏறியது. ஆனால் நீலம் என்று சொல்ல மலரைத் தவிர ஆள் இல்லை.

இரண்டாம் நாள் மருந்துச்சாலையில் காத்திருக்கிற வாங்கில் பக்கத்தில் யாராவது இருந்தார்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். நான்காம் தரமோ ஐந்தாம் தரமோ கேட்டபோது அவளுக்கு ஞாபகம் வந்தது. இருமுகிற குழந்தையோடு ஒரு முஸ்லிம் பெண் இருந்தாளாம். மலரின் விரலைப் பார்த்து, இது கத்தரிக்காய் மாதிரி இருக்கிறதே என்று நேர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினாளாம். கொண்டச்சிப் பக்கம் என்று சொன்னாளாம்.

கொண்டச்சிக்குப் போனேன். சண்டைக்காலத்தில் துரத்தப்பட்டு, புத்தளத்திலிருந்து திரும்பிய முஸ்லிம் குடும்பங்கள் அப்போதுதான் பற்றை வெட்டி வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். இருமுகிற குழந்தை உள்ள வீடு எது என்று கேட்டால் எல்லா வீட்டிலும் குழந்தை இருமியது. கடைசியில் ஒரு வீட்டில் கத்தரிக்காய் என்று நான் சொன்னதும் அந்தப் பெண் கையிலிருந்த சுளகைக் கீழே வைத்தாள். பெயர் நசீமா.

தேத்தண்ணீர் தந்தாள். கோடு என்றதும் முகம் மாறிவிட்டது.

"நான் வந்து அவருக்கு எதிரா சொன்னா, நாளைக்கு என்ட புள்ளைக்கு மருந்து தாறது யாரு? நீங்களா? இந்தக் கரைக்கே இருக்கிறது அந்த ஒரு டொக்டர்."

அதற்கு இல்லாத பதிலைச் சொல்ல நான் போகவில்லை. ஒன்றும் ஆகாது, நாங்கள் இருக்கிறோம் என்று சொல்லிச் சாட்சிகளைக் கூட்டிவருகிறவர்களை எனக்குத் தெரியும். தவணை முடிந்ததும் அவர்கள் இருக்கமாட்டார்கள். நான் தேத்தண்ணீரைக் குடித்தேன். பிறகு அந்தத் தாயைப் பற்றி மட்டும் சொன்னேன், நோவெண்ணெய் ஊற்றினதை, கிணற்றடியில் என்ன சொல்கிறா, கோயிலில் என்ன சொல்கிறா என்று. சொல்லிவிட்டு எழும்பினேன். வேலிவரை வந்துவிட்டேன். பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"அந்தப் புள்ளட வெரல் நீலமா இருக்கக்குள்ள எண்ண மணம் வரல்ல. எனக்கு அந்த எண்ண மணந்தா தும்மல் நிக்காது. அண்டைக்கு நான் தும்மல்ல."

"இதைக் கோட்டில சொல்லுவீங்களோ?"

"என்ட புள்ளட வாப்பாட்டக் கேட்டுச் சொல்றன்." கொஞ்சம் நின்று, "கேக்கத் தேவல்ல. வாறன்," என்றாள்.

இனி டொக்டருக்கு எதிராக இன்னொரு டொக்டர் வேண்டும். அது இல்லாமல் முதல் மதிலே ஏற முடியாது. கையை எடுத்த அனுராதபுர டொக்டரைத் தேடிப் போனோம். சண்டைக்கு முந்திக் கற்பிட்டியில் கருவாட்டு வாடியில் வேலை செய்த காலத்துச் சிங்களம் எனக்கு இருக்கிறது. மீன்காரச் சிங்களம்தான், ஆனால் ஆளை விளங்கிக்கொள்ளப் போதும். நோயாளர் எல்லாரும் போகும்வரை காத்திருந்து மலரும் நானும் உள்ளே போனோம். தங்கம்மா வெளி வாங்கில் இருந்தா.

அவர் மலரை மறக்கவில்லை. நான் கேட்க முன்னமே சொன்னார். எண்ணெய்க்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வீங்கப்போகிற கையைச் சுற்றி இறுக்கி மூடினால் இரத்தம் ஓடாது. இரண்டாம் நாள் விரலைப் பார்த்தவுடன் பிளாஸ்டரைப் பிளந்து விட்டிருந்தால் இந்தக் கை இன்றைக்கு இருக்கும்.

மூன்று மதிலையும் ஒரே மூச்சில் ஏறிவிட்டாரே என்று இருந்தது. இதைக் கோட்டில் வந்து சொல்வீர்களா ஐயா என்று கேட்டேன்.

அவர் மேசையில் கிடந்த பேனையை நேராக வைத்தார். பிறகு கோணலாக வைத்தார். அழைப்பாணை அனுப்பினால் வருவேன், வராமல் இருக்க முடியாது என்றார். ஆனால் அங்கே கேட்டால் செத்த கையை எடுத்தேன் என்று மட்டும்தான் சொல்வேன். ஏன் செத்தது என்று கேட்டால், பல காரணம் இருக்கலாம் என்றுதான் சொல்வேன். நான் மற்ற டொக்டர்மாரோடு வேலை செய்யவேண்டியவன், குறை நினைக்காதேங்கோ என்றார்.

கோபம் வந்தது. கோபத்தில் சொல்லவேண்டிய சிங்களம் கருவாட்டு வாடியில் நிறையப் படித்திருக்கிறேன். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு ஒன்றுதான் ஓடியது. கோட்டில் சொல்லாவிட்டால் போகட்டும், வெளியில் இருக்கிற தாய்க்காவது சொல்லட்டும். கேட்டேன். அவர் உடனே எழும்பி வந்தார். வாங்குக்கு முன்னால் குனிந்து தங்கம்மாவின் முகத்தைப் பார்த்து, அம்மா, உங்களில் ஒரு பிழையும் இல்லை என்று சிங்களத்தில் ஆறுதலாகச் சொன்னார். நான் ஒரு சொல்லும் விடாமல் தமிழில் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

தங்கம்மா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தா.

"தங்கச்சி, நீ நல்லவள். எனக்காண்டிச் சொல்லுறாய்."

"அக்கா, அவர் சொன்னதைத்தான் சொன்னனான்."

"அவர் சொன்னது எனக்கு விளங்கேல்லை. அந்தச் சந்தி டொக்டர் சொன்னது எனக்கு விளங்கினது."

அதற்குமேல் நான் என்ன சத்தியம் பண்ணியும் பிரயோசனம் இல்லை. திரும்பி வருகிற பஸ்ஸில் மலர் யன்னல் பக்கம் இருந்தாள். மதவாச்சி தாண்டியதும் என் பக்கம் திரும்பினாள். "அந்தச் சந்தி டாக்டர் வாயாலயே சொல்லணும் ஆன்ட்டி. வேற யார் சொன்னாலும் அம்மாவுக்கு ஏறாது," என்றாள்.

அனுராதபுர டொக்டருக்கு அழைப்பாணை அனுப்புவோமா என்று லோயரைக் கேட்டேன். இழுத்துக்கொண்டு வருகிற சாட்சி எங்கள் பக்கம் ஏறி அவர்கள் பக்கம் இறங்கும் என்றார். வேறு டொக்டர்களுக்கு ஆள் அனுப்பிப் பார்த்தார். எல்லாரும் அனுராதபுரத்தில் எடுத்த படத்தைப் பார்த்தார்கள், உச்சுக் கொட்டினார்கள், பெயரைப் போடவேண்டாம் என்றார்கள். உங்களுக்கும் இதுதான் நடக்கும். தனியறையில் உண்மை சொல்ல எத்தனை டொக்டரும் கிடைப்பார்கள்.

டொக்டர் சாட்சி இல்லாமலேயே, தவணை தவணையாக இழுத்து ஒருநாள் விசாரணை தொடங்கியது. மலர் கூண்டில் ஏறினாள். எதிராளியின் லோயர் பெரிய இடத்து ஆள், குரலை உயர்த்தாதவர். விரல் நீலம் என்று நீர் எப்படித் தீர்மானித்தீர், நீர் வைத்தியரோ என்று கேட்டார்.

"வைத்தியர் இல்லீங்க. வெரல் என்னோடதுங்க."

கோட்டில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை, குனிந்து எழுதினார். எண்ணெய் ஊற்றியது உண்மைதானே என்று அடுத்த கேள்வி. உண்மைதான், அதற்கு முதல் நாளே நீலம் என்றாள். அவர் எத்தனை விதமாகக் கேட்டும் அதையே சொன்னாள். அடுத்த தவணைக்கு நசீமா வந்தாள். கத்தரிக்காயையும் சொன்னாள், தும்மலையும் சொன்னாள். தும்மலுக்கு நீதிபதியும் சிரித்துவிட்டார். சந்தி டொக்டர் பின்வாங்கில் இருந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வென்றுவிடுவோம் என்று அன்றைக்கு நான் மாதாவுக்கு ஒரு நேர்த்தி வைத்தேன். அப்போதுதான் எதிராளியின் லோயர் எழும்பி, தங்கள் பக்கச் சாட்சியாக வழக்காளியின் தாயை அழைக்கப்போவதாகச் சொன்னார்.

பாருங்கோ, எங்கள் எண்ணெயை நாங்களே மேசையில் வைத்தோம். சரியான காரியம்தான். ஆனால் அதை ஊற்றினவவை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

தங்கம்மா பயப்படவில்லை. அவவுக்குச் சந்தோஷம். எப்போது கூப்பிடுவார்கள், எப்போது கூப்பிடுவார்கள் என்று என்னை நச்சரித்தா. கூண்டில் என்ன சொல்லப்போகிறீர்கள் என்று கேட்டேன்.

"நான்தான் செய்தனான் எண்டு சொல்லுவன். நீதிபதி முன்னால ஒருக்காச் சொல்லிப்போட்டால் நெஞ்சு ஆறும் தங்கச்சி."

"விரல் முன்னமே நீலமா இருந்ததெல்லோ அக்கா?"

"இருந்தது. அதுக்காண்டித்தானே எண்ணெய் விட்டனான். விடாமல் இருந்திருந்தால் கை திரும்பியிருக்கும்."

எத்தனை தரம் சுற்றி வந்தாலும் அந்த இடத்திலேயே வந்து நிற்பா. குற்றத்தை ஏற்றுக்கொள்ள ஆசைப்படுகிற ஒரு ஆளை எந்த லோயராலும் காப்பாற்ற முடியாது.

அடுத்த தவணையன்று, கோடு கூடுவதற்கு முன்னம், எதிராளியின் லோயர் எங்கள் லோயரை ஓரமாகக் கூப்பிட்டார். டொக்டர் சமாதானமாக முடிக்க விரும்புகிறாராம். நசீமாவின் சாட்சியம் பேப்பரில் வந்துவிடும் என்ற பயம். கையில்லாத ஒருத்தி பிள்ளையைப் படிக்கவைக்கப் போதும் என்கிற அளவுக்கு ஒரு தொகை சொன்னார்கள்.

நான் லோயரிடம் சொன்னேன், தொகையை விடுங்கோ, ஒரு வசனம் கேளுங்கோ. அம்மா, அது எண்ணெயால் இல்லை என்று டொக்டர் தாயிடம் சொல்லவேண்டும். கோட்டில்கூட வேண்டாம், மரத்தடியில் சொன்னால் போதும்.

"கோட்டுக்குக் காசு வாங்கித் தரத் தெரியும்," என்றார் லோயர். "மனசு வாங்கித் தரத் தெரியாது." சொன்னாலும், போய்க் கேட்டார். எனக்காகப் போகவில்லை. மலரின் முகத்துக்காகப் போனார். திரும்பி வந்து டொக்டர் சொன்ன பதிலை அப்படியே சொன்னார். காசு தாறன், வாய் தரமாட்டன்.

மணி அடித்துவிட்டது. எங்கள் வழக்கின் பெயர் எந்த நேரத்திலும் கூப்பிடப்படலாம். மலர் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க என்ன சொல்றீங்க ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

பிள்ளைகள், இந்த வேலையில் உங்களிடம் இப்படி ஒருநாள் கேட்பார்கள். எடு என்றோ விடு என்றோ சொல்லக்கூடாது. அது உங்கள் கை இல்லை. இரண்டு பக்கமும் என்ன இருக்கிறது என்பதை மட்டும், பூசி மெழுகாமல் சொல்லவேண்டும். நான் சொன்னேன்.

"எடுத்தால் அந்த வசனம் ஒருநாளும் வராது. எடுக்காட்டில் அம்மா இண்டைக்குக் கூண்டில ஏறி, எல்லாருக்கும் முன்னால நான்தான் எண்டுற மற்ற வசனத்தைச் சொல்லுவா. அதை நீதிபதி எழுதுவார். பிறகு அது கோட்டு எழுத்து, அழியாது."

அவள் தாயைத் திரும்பிப் பார்த்தாள். தாய் தூரத்தில் புதுச்சேலை கட்டி, நெற்றியில் திருநீறு பூசி, கூப்பிடுவதற்காகக் காத்துக்கொண்டிருந்தா.

"அம்மாவ ஏத்த வேணாம்," என்றாள் மலர். "முடிச்சிருங்க."

தாய்க்காகத் தொடங்கிய வழக்கைத் தாய்க்காகவே முடித்தாள். அந்த நேரத்தில் அது சரி என்றுதான் எனக்கும் பட்டது. இப்போதும் பிழை என்று சொல்லமாட்டேன். வேறு வழி இருந்தது என்று சொல்கிறவர்கள் அந்தக் கோட்டு விறாந்தையில் நிற்கவில்லை.

முடிவைக் கோட்டில் உரத்து வாசித்தார்கள். மன்னார்க் கோட்டில் எல்லாம் தமிழில்தான் நடக்கும். எவ்வளவு போராடி எடுத்த உரிமை அது. அன்றைக்கு மட்டும் வேறு பாஷையில் வாசித்திருக்கலாம் என்று இருந்தது. எதிராளி எந்தப் பொறுப்பையும் ஏற்றுக்கொள்ளாமல், மனிதாபிமான அடிப்படையில் மட்டும், இந்தத் தொகையை வழக்காளிக்கு வழங்கச் சம்மதிக்கிறார். தங்கம்மா முன்னுக்குச் சரிந்து கேட்டுக்கொண்டிருந்தா. மனிதாபிமானம் என்றால் என்ன என்று பக்கத்தில் இருந்த யாரிடமோ கேட்டா. இரக்கப்பட்டுக் கொடுப்பது என்று அந்த ஆள் சொன்னான்.

வெளியே வந்தோம். விறாந்தையில் டொக்டர் தன் லோயரோடு நின்றார். நான் பிடிக்க முன்னம் தங்கம்மா நேரே அவரிடம் போய்விட்டா. இரண்டு கையையும் நெஞ்சுக்கு மேலே தூக்கிக் கும்பிட்டா.

"ஐயா, நான் செய்த பிழைக்கு நீங்கள் குடுக்கிறியள். உங்கட பிள்ளையள் நல்லா இருக்கோணும்."

அவருக்கு அந்த இடத்தில் ஒரு வசனம் போதும். கேட்க நீதிபதி இல்லை, எழுத ஆள் இல்லை. அவர் என்னைப் பார்த்தார், தன் லோயரைப் பார்த்தார், மலரைப் பார்க்கவில்லை. பிறகு தாயைப் பார்த்துத் தன்மையாகச் சொன்னார்.

"பரவாயில்லை அம்மா. இனிமேல் இப்பிடிச் செய்யாதேங்கோ."

தங்கம்மா கும்பிட்ட கையை எடுக்கவில்லை. கண்ணீர் வடிய, ஓம் ஐயா, ஓம் ஐயா என்று சொல்லிக்கொண்டு நின்றா. மலர் பின்னால் வந்தாள். டொக்டரை நிமிர்ந்து பார்க்கவில்லை. இருக்கிற கையால் தாயின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"வாம்மா," என்றாள். "பஸ் போயிரும்."